சப்வூஃபர் உறுமலுக்கு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்: சத்தம் போனது, கூடவே கீழ் பாஸும் போனது

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். இரண்டு, சொன்னபடி சத்தத்தை நிறுத்தியதற்கு. மூன்றாவது, கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டிக் கொடுத்ததற்கு. மீதி இரண்டை நான் ஏன் பிடித்து வைத்துக்கொண்டேன் என்பதுதான் இங்கே பெரிய விஷயம்: அட்டையில் சப்வூஃபர் படம் போட்டு விற்கிற இந்த ஐசோலேட்டர் (கிரவுண்ட் வழியாக வரும் சத்தத்தை நிறுத்த, கார் ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே செருகும் குட்டிப் பெட்டி), காரில் இருக்கிற எல்லா ஸ்பீக்கர்களிலும் கீழ் பாஸுக்கான சப்வூஃபருக்குத்தான் ஆகக் குறைவாகப் பொருந்துகிறது.

பெயர் சொல்லத் தேவையில்லாத ரகம். ஒரே மாதிரி பெட்டி பத்துப் பெயர்களில் கிடைக்கிறது. கட்டைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே, கறுப்பு பிளாஸ்டிக். ஒரு பக்கம் இரண்டு ஆர்சிஏ (ஆடியோ கேபிளின் வட்ட இணைப்பு) முள், மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ துளை. மின்சாரம் தனியாகக் கொடுக்க வேண்டாம். ஹெட் யூனிட்டிலிருந்து (டேஷில் உள்ள ஸ்டீரியோ) வரும் கேபிளைக் கழற்றி இதில் செருகி, இதை ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்) செருகினால் வேலை முடிந்தது.

முதலில் என் காரில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 4 வோல்ட் சப் அவுட் உள்ள ஹெட் யூனிட், டிக்கியில் 300 வாட் மோனோ ஆம்ப், மூடிய பெட்டியில் 10 அங்குல சப். கதவு ஸ்பீக்கர்கள் ஹெட் யூனிட்டிலிருந்தே நேராக ஓடுகின்றன. எஞ்சின் ஓடாதபோது அமைதி. ஸ்டார்ட் செய்ததும் சப்பில் ஓர் உறுமல். ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறுமலும் கூடவே ஏறும். ஏசி ஃபேனைப் போட்டால் ஒரு 'டுப்'. வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனாலும் இம்மி குறையாது. கதவு ஸ்பீக்கர்களில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

இந்தக் கடைசி இரண்டு விவரங்களும் முக்கியம். வால்யூமோடு சேர்ந்து குறையாத சத்தம், வால்யூம் கட்டுப்பாட்டைத் தாண்டிய பிறகு நுழைகிறது. கதவு ஸ்பீக்கர்கள் சுத்தமாக இருப்பதால் பாட்டிலோ ஹெட் யூனிட்டின் உள்ளேயோ குறையில்லை. மிஞ்சுவது ஆர்சிஏ கேபிளும் ஆம்பும் அவற்றின் கிரவுண்டும்தான் (கிரவுண்ட் என்றால் பேட்டரி மைனஸாக வேலை செய்யும் கார் பாடியோடு உள்ள இணைப்பு).

ஆல்டர்னேட்டர் சத்தம் என்றாலே எல்லோரும் 'வீய்ய்ங்' என்று சொல்வார்கள். சப்பில் ஏன் உறுமலாக வருகிறது என்று கேட்டால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐட்லிங்கில் எஞ்சின் 800 ஆர்பிஎம், புல்லி விகிதம் மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஆல்டர்னேட்டர் 2400 ஆர்பிஎம்மில், அதாவது நொடிக்கு 40 சுற்று சுற்றும். 12 துருவம் உள்ள ஆல்டர்னேட்டரில் இது 240 ஹெர்ட்ஸ் ஏசி. மூன்று ஃபேஸையும் ஆறு டயோடு டிசியாக மாற்றும்போது மிஞ்சும் சிற்றலை அதைப்போல் ஆறு மடங்கு, 1440 ஹெர்ட்ஸ். அதுதான் அந்த 'வீய்ய்ங்'. ஆம்பில் லோ பாஸ் (கீழ் ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில் இருந்தால், ஆக்டேவுக்கு 12 டெசிபெல் சரிவில், 1440 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய 50 டெசிபெல் அடங்கிவிடும். காதுக்கு எட்டாது. மூன்று ஃபேஸும் அச்சுப்போல் சமமாக இருக்காததால் டிசியில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் 240 ஹெர்ட்ஸோ 19 டெசிபெல்தான் அடங்கும், எனவே மிச்சம் இருக்கும். அதுவே உறுமல். உங்கள் சப்பில் தெளிவான 'வீய்ய்ங்' கேட்டால் ஐசோலேட்டர் வாங்கப் போகும் முன்பு ஆம்பின் ஃபில்டர் சுவிட்ச் 'ஃபுல்' என்ற இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். உறுமல் மிக அதிகமாக இருந்தால் டயோடுகளில் ஒன்று போயிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை ஏசியில் வைத்துப் பார்த்து, அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க ஆள் வேண்டும். ஆடியோ கடைக்காரர் அல்ல.

பெட்டிக்கு வருகிறேன். மாட்டினேன், ஸ்டார்ட் செய்தேன், உறுமல் இல்லை. ரேஸ் பண்ணினேன், இல்லை. ஃபேன் போட்டேன், 'டுப்' இல்லை. இவ்வளவு சின்னச் சாமான் இவ்வளவு முழுசாக வேலை செய்ததில் எனக்கே ஆச்சரியம்தான். மந்திரம் ஒன்றுமில்லை. டிக்கியில் இருக்கும் ஆம்ப் ஓர் இடத்தில் பாடியைத் தொடுகிறது, டேஷில் இருக்கும் ஹெட் யூனிட் வேறோர் இடத்தில் தொடுகிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே பாடித் தகட்டில் ஆல்டர்னேட்டர், ஃபேன், விளக்கு எல்லாவற்றின் கரன்ட்டும் ஓடுவதால் சில மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் உண்டு. ஆர்சிஏ கேபிளின் வெளி உறை இந்த இரண்டு இடத்தையும் இன்னொரு வழியாக இணைத்து ஒரு வளையத்தை (லூப்) உண்டாக்கிவிடுகிறது. அந்த வித்தியாசம் உறையில் ஓடி, சிக்னலோடு கலந்து, ஆம்பால் பெருக்கப்படுகிறது. ஐசோலேட்டருக்குள் ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் சுற்றிய ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், சேனலுக்கு ஒன்று. பாட்டு காந்தப்புலமாகக் கடந்துபோகும், கம்பி வழித் தொடர்பு அறுந்துவிடும். வளையம் உடைந்தது, சத்தம் நின்றது.

சரி, குறை எங்கே? எனக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டில் ஐந்து தந்தி பாஸ் கிட்டார் கீழ் பி வரைக்கும் இறங்கும், 31 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் சீட் முதுகில் ஓர் அழுத்தம் வரும். பெட்டி மாட்டிய பிறகு ஸ்வரம் கேட்டது, அழுத்தம் வரவில்லை. மனப்பிரமையாக இருக்கலாம் என்று டெஸ்ட் டோன்களைப் போட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 60 ஹெர்ட்ஸில் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வோல்ட்டேஜ். 40இல் குறையத் தொடங்கியது. 30இல் பாதிக்கும் கீழே. சாதாரண மல்டிமீட்டர்கள் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே துல்லியமாகக் காட்டாதே என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான், ஆனால் ஒரே டோனில் பெட்டியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை என்று ஒப்பிடும்போது மீட்டரின் பிழை இரண்டுக்கும் பொது.

காரணம் இரும்பு. டிரான்ஸ்ஃபார்மரின் உள்கருவில் ஏறும் காந்தப்பாயம் வோல்ட்டேஜைப் பொறுத்து ஏறும், அதிர்வெண் குறையக் குறையவும் ஏறும். அதே வோல்ட்டேஜில் 60 ஹெர்ட்ஸுக்குத் தேவைப்படுவதைப்போல் 30 ஹெர்ட்ஸுக்கு இரண்டு மடங்கு. சுண்டுவிரல் நுனி அளவு உள்கருவில் அவ்வளவு கொள்ளாது, நிரம்பிவிடும். நிரம்பினால் அலையின் வடிவம் நசுங்கி, 30 ஹெர்ட்ஸ் டோனிலிருந்து அதன் மும்மடங்கான 90 ஹெர்ட்ஸ் முளைக்கும். கீழ் பாஸ் குறைந்து மேல் பாஸ் கூடுவதால் காதுக்கு வேறு மாதிரி இருக்கும். இதே பெட்டியைப் பற்றி 'மாட்டினதும் பாஸ் இறுக்கமாகிடுச்சு' என்று புகழ்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்பது அந்த 90 ஹெர்ட்ஸைத்தான்.

அட்டையில் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். எத்தனை வோல்ட்டில், எத்தனை டெசிபெல் வித்தியாசத்துக்குள் என்று ஒரு வரி கிடையாது. அந்த இரண்டும் இல்லாமல் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கால் வோல்ட் கொடுத்தால் 20 ஹெர்ட்ஸும் அதில் ஒழுங்காகக் கடந்துபோகும். 4 வோல்ட் ஹெட் யூனிட்டில் போகாது. வேடிக்கை என்னவென்றால், சத்தம் குறைய வேண்டும் என்றுதான் அதிக வோல்ட் அவுட் உள்ள ஹெட் யூனிட்டைத் தேடி வாங்குகிறோம், அந்த அதிக வோல்ட்தான் இந்தப் பெட்டிக்கு ஆகாது. ஹெட் யூனிட்டில் சப் லெவலைக் குறைத்து ஆம்பில் கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றலாம். பெட்டி மூச்சு விடும், ஆனால் ஏறிய கெயின் ஆம்பின் சொந்த இரைச்சலையும் தூக்கிக் கொண்டுவரும்.

கட்டுமானமும் சுமார். கம்பி மெல்லிசு, ஆர்சிஏ முள் லேசாக ஆடுகிறது. சப் அதிரும் டிக்கியில் ஆடும் முள் என்றால் நாளைக்கு அதுவே ஒரு சத்தம். உலோகக் கவசமும் கிடையாது. ஆம்பின் பவர் கம்பியோடு ஒட்டி வைத்தபோது புதிதாக ஒரு 'ர்ர்ர்' வந்தது. கம்பியில் ஓடும் பெரிய கரன்ட்டின் காந்தப்புலத்தை இந்த டிரான்ஸ்ஃபார்மரும் உறிஞ்சிக்கொள்கிறது. ஓர் அடி தள்ளி வைத்ததும் போய்விட்டது. இதை அட்டையில் ஒரு வரி எழுதியிருந்தால் வாங்குகிற பாதிப் பேருக்கு உதவியாக இருக்கும்.

நான் பெட்டியைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா மகன் கேட்டான்: "அண்ணா, சத்தம்தான் போயிடுச்சே, அப்புறம் எதுக்குக் கழட்டுறீங்க?"

"முப்பது ஹெர்ட்ஸ் போடுறேன், உக்காந்து கேளுடா. முதல்ல இது இல்லாம."

கேட்டான். பெட்டியோடும் கேட்டான். "என்னண்ணா, சப்பையே எடுத்துட்ட மாதிரி இருக்கு" என்றான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை வேண்டாம் என்று நிஜக் கோளாறைத் தேட ஆரம்பித்தோம்.

இங்கேதான் அந்த மூன்றாவது நட்சத்திரம். பெட்டி போட்டதும் சத்தம் நின்றது என்றால் கோளாறு கிரவுண்ட் வளையத்தில்தான், ஆம்பின் உள்ளே அல்ல, பவர் கம்பி வழியாகவும் அல்ல. இது பெரிய தகவல். ஆனால் இதே தகவலைக் கடைக்குப் போகாமலும் பெறலாம். ஆம்பை அணைத்து, ஆர்சிஏவைக் கழற்றி, பழைய ஆர்சிஏ கேபிள் ஒன்றை வெட்டி நடுக்கம்பியையும் உறையையும் முறுக்கிச் சேர்த்து ஆம்பில் செருகிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் ஆம்பிலோ அதன் பவரிலோ கிரவுண்டிலோ கோளாறு, ஐசோலேட்டர் உதவாது. சத்தம் போனால் கேபிள் வழியாக வருகிறது. அடுத்து, சார்ஜரில் இல்லாத ஃபோனை நேராக ஆம்பில் இணைத்துப் பாட்டுப் போடுங்கள். ஃபோன் பாடியை எங்கும் தொடுவதில்லை, அதனால் வளையமே உருவாகாது. இதிலும் சுத்தமாக வந்தால் கிரவுண்ட் வளையம் என்று அடித்துச் சொல்லலாம். சார்ஜரைச் செருகியதும் சத்தம் திரும்பினால் சந்தேகமே வேண்டாம். ஒரே எச்சரிக்கை: ஹெட் யூனிட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்சிஏவைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. பெரிய 'டப்' வந்து சப்பின் காயிலைப் பதம் பார்க்கும். சில ஹெட் யூனிட்களில் ஆர்சிஏ கிரவுண்டைக் காக்கிற பொடி ஃபியூஸ் ஒன்று உண்டு, அதுவும் போய்விடும். போனபிறகு வரும் சத்தம் அசல் ஆல்டர்னேட்டர் சத்தம் மாதிரியே இருக்கும். ஆர்சிஏவின் வெளி வளையத்திலிருந்து ஹெட் யூனிட்டின் உலோக உடம்புக்கு ஒரு கம்பியைத் தொட்டுப் பாருங்கள். சத்தம் அடங்கினால் ஃபியூஸ் போயிருக்கிறது என்று பொருள்.

என் காரில் ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஆம்பின் கிரவுண்டைத் தேடிப் போனால், மாட்டிக் கொடுத்தவர் பின்சீட் போல்ட்டில் கட்டியிருந்தார். வசதியான இடம்தான், ஏற்கெனவே துளை இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்த போல்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே பெயின்ட், ஒட்டுப்பசை, சீட் பிராக்கெட் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. மீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் காட்டும். மீட்டர் கம்பிகளுக்கே 0.2, 0.3 ஓம் தடை உண்டு, நமக்கு வேண்டியதோ ஓமில் ஆயிரத்தில் சில பங்கு. அதனால் வோல்ட்டில் அளக்க வேண்டும். நீளமான கம்பி ஒன்றால் பேட்டரி நெகட்டிவை மீட்டருக்குக் கொண்டுவந்து, மறுமுனையை ஆம்பின் கிரவுண்ட் முனையில் வைத்து, சப்பைச் சத்தமாக ஓடவிட்டுப் பார்த்தேன். அடி விழும் ஒவ்வொரு தடவையும் 0.3 வோல்ட் பக்கம் எகிறியது. 50 ஆம்பியர் ஓடும்போது 0.3 வோல்ட் விழ வெறும் 6 மில்லிஓம் போதும். எந்த மல்டிமீட்டர் அதை ஓமில் காட்டும்?

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டிக்கித் தரையில் பாடியின் தடித்த தகட்டில், அடியில் பெட்ரோல் டேங்கோ பிரேக் குழாயோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து புது போல்ட்டில் இறுக்கினோம். மேலே துரு பிடிக்காமல் பெயின்ட். கம்பி பவர் கம்பியின் அதே பருமன், நீளம் 45 சென்டிமீட்டருக்குள். பழைய கிரவுண்ட் கம்பியை உரித்துப் பார்த்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ரகம். அதே பருமனில் செம்பைவிடத் தடை கூட. அதையும் மாற்றினோம்.

உறுமல் முக்கால்வாசி போனது. மிச்சம் ஹெட் யூனிட் பக்கம். அதன் கிரவுண்ட், வண்டியோடு வந்த மெல்லிய கம்பியில் எங்கெங்கோ சுற்றி பாடியை அடைகிறது. அதை டேஷுக்குப் பின்னால் உள்ள உலோகச் சட்டத்துக்கு ஒரு தனிக் கம்பியில் கொண்டுபோனதும் மிச்சமும் போயிற்று. ஆர்சிஏ கேபிள் பவர் கம்பியோடு ஒரே பக்கமாக ஓடுகிறதே, அதை மாற்ற வேண்டாமா என்று கேட்பீர்கள். மாற்றுவது நல்லதுதான், நேரம் கிடைத்தால் செய்யுங்கள். ஆனால் எல்லோரும் முதலில் குற்றம் சொல்வது அதைத்தான், பெரும்பாலும் குற்றவாளி கிரவுண்டுதான். என் காரில் கேபிள் அதே இடத்தில்தான் இன்னும் இருக்கிறது. பெரிய கெபாசிட்டர் மாட்டச் சொல்பவர்களுக்கும் இதே பதில். அது பாஸ் அடிக்கும்போது விளக்கு மங்குவதற்குக் கொஞ்சம் உதவலாம், கிரவுண்ட் வளையத்தை அது தொடக்கூட முடியாது.

இந்தப் பெட்டியால் ஆகாத சத்தங்களையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவற்றுக்காக இதை வாங்கித் திட்டுபவர்கள் நிறைய. ஆன் செய்யும்போது வரும் 'டும்' பெரும்பாலும் ரிமோட் கம்பி (ஆம்பை ஆன் ஆகச் சொல்லும் கம்பி) விஷயம். ஹெட் யூனிட் விழித்து நிலைகொள்ளும் முன்பே ஆம்ப் விழித்தால் வரும். ரிமோட்டை ஹெட் யூனிட்டின் நீலக்கம்பியிலிருந்து எடுத்திருக்கிறார்களா, வேறு சுவிட்ச் லைனிலிருந்தா என்று பாருங்கள். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கெயின் விஷயம். கெயின் வால்யூம் அல்ல. 300 வாட், 4 ஓம் என்றால் டெஸ்ட் டோனில் 35 வோல்ட் பக்கம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். போர்ட் (காற்றுத் துளை) வைத்த சப் பெட்டியில் பாஸோடு 'புஃப் புஃப்' என்று காற்று வந்தால் போர்ட் சிறிது. கோனைக் கையால் மெதுவாக நேராக அழுத்தும்போது உரசல் கேட்டால் காயில் போய்விட்டது. நம்பர் பிளேட்டும் டிக்கி மூடியும் ஸ்டெப்னிக்கு அடியில் கிடக்கும் ஜாக்கியும் அடிக்கும் தாளத்துக்கு, 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை ஓடவிட்டு வண்டியைச் சுற்றிக் கையால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ அங்கே ஃபோம் டேப்.

அப்படியானால் இதை யார் வாங்கலாம்? கதவு ஸ்பீக்கர்களுக்குத் தனி ஆம்ப் வைத்து, ஹெட் யூனிட்டிலேயே 80 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை அடக்கும் ஃபில்டர்) போட்டிருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கீழ் பாஸ் இந்தப் பெட்டிக்குள் நுழையவே நுழையாது, உள்கரு நிரம்பாது, எந்த நஷ்டமும் இல்லை. டேஷைப் பிரிக்கக் கூடாத வண்டி, ஆபீஸ் வண்டி என்றாலும் சரி. ஃபோனை ஆக்ஸில் போட்டு அதையே சார்ஜும் செய்கிறவர்களுக்கு இதன் 3.5 மில்லிமீட்டர் பின் ரகம் கச்சிதம். ஃபோனின் வோல்ட்டேஜ் குறைவு, அதனால் பாஸ் இழப்பும் அவ்வளவு தெரியாது. கம்பெனி ஹெட் யூனிட்டில் ஸ்பீக்கர் கம்பியிலிருந்து சிக்னல் எடுப்பவர்களுக்கு இது வேறு கதை. அந்த ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்ட் அல்ல, இரண்டு கம்பியிலும் பேட்டரியின் பாதி வோல்ட்டேஜ் நிற்கும். அதற்கென்று செய்த கன்வெர்ட்டரோ ஸ்பீக்கர் லெவல் இன்புட் உள்ள ஆம்போதான் வேண்டும்.

சப்புக்கே ஐசோலேட்டர் வேண்டும், வேறு வழியில்லை என்றால் பெரியதாக, கையில் எடுத்தால் கனமாக, உலோகப் பெட்டியில் இருப்பதைப் பாருங்கள். தாளில் 20 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் எத்தனை வோல்ட் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும், அந்த எண் உங்கள் ஹெட் யூனிட்டின் சப் அவுட்டைவிடக் குறையக் கூடாது. விலை பல மடங்கு வரும். என்னுடையது இப்போது டூல் பையில் மீட்டரோடு கிடக்கிறது. யாராவது 'சப் உறுமுது' என்று வந்தால் அரை மணி நேரம் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி எடுத்துக்கொள்கிறேன்.